நனைந்தால் நிற்காதே

நெட்டூத்துப்பட்டிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள்? ஊர்க் கிணற்றில் 'இங்கே குளிக்கக் கூடாது' என்று பலகை மாட்டினால், அந்தப் பலகைக்கு நேர் கீழே மட்டும் குளிக்காமல் கொஞ்சம் தள்ளி நின்று குளிப்பார்கள். அவ்வளவு அடக்கம்.

அந்த ஊரில் மொக்கராசு என்று ஒருவன். நாலு மாடு வைத்துக்கொண்டு, சைக்கிளில் கேனைக் கட்டி ஊர் ஊராகப் பால் ஊற்றுகிறவன். தங்கமான பையன். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூக்குதான் சரியில்லை. தலையில் ஒரு சொட்டு மழை விழுந்தால் போதும், மூக்கு குறுகுறுக்கும். கொஞ்ச நேரத்தில் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு தும்மல் வரும். போன வருஷம் ஓரிடத்தில் பெண் பார்க்கப் போனான். வழியில் மழை. பெண் வந்து நமஸ்காரம் என்று கையைக் குவித்த அதே நொடியில் தும்மினான். நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் விழுந்தால் உருப்படுமா? தட்டில் வைத்த வாழைப்பழத்தைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சே வேண்டாம் என்றுதான் இருந்தான். பாழாய்ப்போன சங்கிலி கழன்று அவன் மனசைக் கெடுத்தது.

ஒரு நாள் சந்தைக்குப் போகிற வழியில் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. இவன் இறங்கி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பின்னாலேயே அவரைக்காய் மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். மேலமூங்கிலடி ஒச்சப்பன் மகள் பவுன்தாய். இறங்கினாள், ஒரு குச்சியை எடுத்தாள், சங்கிலியைச் சக்கரத்துப் பல்லில் மாட்டினாள், "லூசா இருக்குங்க, ஒரு கண்ணியை எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மொக்கராசு வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மிச்சச் சங்கிலியை ஒன்று சேர்க்கும்படி அவள் சொல்லவில்லையே. ஒரு வாரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பால் ஊற்றினான். பிறகு சைக்கிள் கடை காசிம் பாய் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு கோத்துக் கொடுத்தார். அந்தக் கண்ணி மட்டும் சட்டைப்பையிலேயே இருந்தது. ராத்திரி தூங்கும்போதும் இருந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மாவிடம் சொல்லி, அம்மா ஆள் விட்டுப் பேசி, ஒச்சப்பனும் சரி என்றார். ஆனால் அந்த மனுஷன் சகுனத்தில் ரொம்பக் கறார். மாப்பிள்ளையின் மூக்கு விவகாரம் மேலமூங்கிலடி வரைக்கும் போயிருந்தது. 'பையன் நனையாமல், விறைக்காமல் வந்து சேரட்டும். என் வாசலில் ஒத்தைத் தும்மல் விழுந்தால் அதோடு பேச்சு முடிந்தது. அடுத்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வரிசையில் இருக்கிறார்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். குறித்த நாளோ ஐப்பசியில். மூன்று நாளாக அடைமழை. மலைச்சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. சைக்கிள் போகிற அளவுக்குத்தான் வழி. அம்மாவுக்கு முழங்கால் வலி. 'நீ போய்ச் சரின்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துருய்யா' என்று சொல்லி, பூ, பழம், கற்கண்டு எல்லாம் பையில் போட்டுக் கொடுத்தாள்.

துணைக்கு மூன்று பேர் கிளம்பினார்கள். மூத்தவர் தவசி அண்ணன். ஊரில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள், அவருக்குச் சந்தேகம் என்பதே வந்ததில்லை என்பதால். அப்புறம் வீரணன், கல்யாணம் ஆகாதவன். சிலம்பன், கல்யாணம் ஆனவன். இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். ஒருவன் மிதிக்க ஒருவன் கேரியரில் உட்காருவான்.

நாலு பேரும் போய்க் காசிம் பாயிடம் நின்றார்கள். மழையில் சைக்கிள் ஓட்டி நனையாமல், குளிராமல் போய்ச் சேர வழி என்ன? பாய் நல்ல மனிதர், இளவயசில் மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் சைக்கிளில் சுற்றியவர். தன் ஒரே ரெயின்கோட்டை எடுத்து மொக்கராசுவிடம் கொடுத்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார். தடிப்பாக ஒன்று போடாதே, மெல்லிசாக அடுக்கடுக்காகப் போடு; வேர்த்தால் ஒன்றைக் கழற்றிப் பையில் வை, பை நனையாமல் பார்த்துக்கொள். நெஞ்சுக்கு ஒரு பேப்பரை மடித்து வை, எதிர்க்காற்று ஏறாது. காலில் பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டு. கடைசியாக மொக்கராசுவின் தோளைத் தட்டிச் சொன்னார்:

"அப்படியும் நனைஞ்சுட்டேன்னு வச்சுக்கோ தம்பி, எங்கயும் நிக்காதே. ஈரம் காயிற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இரு. நின்னா குளிரு ஏறிரும், தும்மல் வந்துரும்."

நாலு யோசனை, நாலு பேர். மறந்துவிடக் கூடாது என்று ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்துக்கொண்டார்கள். உடுப்பு தவசி அண்ணன் பொறுப்பு. பேப்பர் வீரணன். கால் பை சிலம்பன். கடைசி யோசனையை மொக்கராசு தன் பங்காக எடுத்துக்கொண்டான். 'நனைஞ்சா நிக்காதே' என்று அன்று ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். தன் கல்யாணமே இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று அவன் உறுதியாக நம்பினான். அதில் தப்பும் இல்லை.

காலையில் உடுப்பு ஆரம்பமானது. அடுக்கு என்றால் எத்தனை என்று சிலம்பன் கேட்டான். பாய் கணக்குச் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் சட்டை தீருகிற வரைக்கும் என்று அர்த்தம் என்றார் தவசி அண்ணன். மொக்கராசுவின் சட்டைகள் முடிந்தன. அவன் அப்பா விட்டுப்போன சட்டைகள் முடிந்தன. வீரணன் வீட்டிலிருந்து இரண்டு வந்தது. சிலம்பனின் பெண்டாட்டி ஸ்வெட்டர் ஒன்று, பூப்போட்டது, அதற்கு மேல் ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலே ரெயின்கோட்டு. மொக்கராசுவின் இரண்டு கையும் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன, மடக்க வரவில்லை. மூக்கைச் சொறிய வேண்டுமென்றால் வேறு யாராவது சொறிய வேண்டும்.

அடுத்து பேப்பர். வீரணன் அன்றைய பேப்பரையே காசு கொடுத்து வாங்கி வந்திருந்தான். அதை விரித்துப் படித்த சிலம்பனின் முகம் மாறிவிட்டது.

"ஏப்பா, இதுல 'மேலும் இரண்டு நாட்களுக்குக் கனமழை'ன்னு போட்டிருக்கு. இதை நெஞ்சுல வச்சா என்னத்துக்கு ஆகும்? வெளிய பெய்யிறது பத்தாதா?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மொக்கராசுவின் அம்மா சமையல்கட்டில் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்த பழைய பேப்பர்களை எடுத்துத் துழாவினார்கள். சித்திரை மாசத்துப் பேப்பர் ஒன்று கிடைத்தது. 'வெயில் கொளுத்துகிறது, மக்கள் தவிப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வீரணன் அதை மடித்து, அந்த எழுத்து நெஞ்சில் படும்படி உள்ளே செருகினான். மொக்கராசுவுக்கு உடனே கதகதவென்று இருந்தது. பின்பக்கம் கண்ணீர் அஞ்சலி விளம்பரம். அது வெளியே பார்த்தபடி இருக்கட்டும், மழை கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும் என்றார் தவசி அண்ணன்.

சிலம்பன் இரண்டு பெரிய பைகளை மொக்கராசுவின் காலில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே சணலால் இறுக்கிக் கட்டினான். யார் சொன்னாலும் அவிழ்க்க மாட்டேன் என்று சாமி மேல் சத்தியமும் செய்தான். தங்களுக்கு மூன்று பேரும் ஒன்றும் செய்துகொள்ளவில்லை. பாய் மாப்பிள்ளைக்குத்தானே சொன்னார்? தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். அவர்கள் பாட்டுக்கு நனைந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாகப் போனது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ரெயின்கோட்டுக்குள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. மொக்கராசு சட்டைப்பையில் இருந்த கண்ணியை நினைத்துக்கொண்டு மிதித்தான். இந்தத் தடவை ஆகிவிடும் என்று மனசு சொன்னது. சந்தோஷத்தில் மணியை இரண்டு தடவை அடித்தான்.

மேடு ஆரம்பித்ததும் வினை ஆரம்பித்தது. அத்தனை சட்டையும் போட்டுக்கொண்டு மலை ஏறினால் வேர்க்காமல் என்ன செய்யும்? நெற்றியில் வேர்வையைப் பார்த்ததும் தவசி அண்ணன் தன் பொறுப்பை நினைத்துக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேர்த்தா ஒண்ணைக் கழட்டணும். பாய் சொல்லியிருக்காரு."

"எதைண்ணே கழட்டுறது?" என்றான் மொக்கராசு.

"எது மேல இருக்கோ அதைத்தான். அடியில இருக்குறதை எப்படிடா முதல்ல கழட்டுவே?"

மூன்று பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு வழி எனக்கும் தெரியவில்லை. ரெயின்கோட்டைக் கழற்றினார்கள். கழற்றியதைப் பையில் வைக்க வேண்டும், பை நனையக் கூடாது. பூவையும் பழத்தையும் கற்கண்டையும் வெளியே எடுத்து ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுவிட்டு, ரெயின்கோட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார் தவசி அண்ணன். அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்தார். அதைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மேலே குனிந்துகொண்டே சைக்கிள் ஓட்டினார். அந்த ரெயின்கோட்டை மழையிலிருந்து அப்படிக் காப்பாற்றினார்.

பூப்போட்ட ஸ்வெட்டர் முதலில் நனைந்தது. ஈரம் ஒவ்வொரு சட்டையாக விசாரித்துக்கொண்டு உள்ளே வந்தது. சித்திரை மாசத்துப் பேப்பர் கூழாகிப் போனது. மொக்கராசுவுக்கு அப்போதுதான் முதல் குறுகுறுப்பு வந்தது. விரலை மூக்குக்குக் கீழே வைத்து அழுத்தலாம் என்றால் கை மடங்கவில்லை. மேல் உதட்டைக் கீழ் உதட்டால் இழுத்து அடக்கிக்கொண்டான். தும்மலைவிட, தும்மினால் அந்த வாத்தியார் மாப்பிள்ளை வந்து அவள் கையால் காபி வாங்கிக் குடிப்பானே என்ற நினைப்புதான் அவனை வாட்டியது.

"நனைஞ்சுட்டேன்" என்றான் மெதுவாக.

"அப்போ இனிமே நிக்காதே" என்றார் தவசி அண்ணன்.

நிற்கவில்லை. ஒரு பாலத்தடியில் டீக்கடை இருந்தது, அடுப்பு எரிந்தது, பெஞ்சு காலியாக இருந்தது. மொக்கராசு அதைப் பார்த்தான், கண்ணில் தண்ணீர் வந்தது, தாண்டிப் போனான்.

காலில் கட்டிய பைகளின் கதை வேறு. வெளித் தண்ணீர் உள்ளே போகவில்லை, அது உண்மை. ஆனால் தொடையில் வழிந்த மழை எல்லாம் முழங்கால் வழியாக இறங்கிப் பைக்குள் தங்கிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் சளக் சளக் என்றது. கால் கனத்தது. மொக்கராசு சிலம்பனிடம் முறையிட்டான். சிலம்பன் கேரியரில் இருந்தபடியே எட்டிப் பார்த்தான். இவ்வளவு தண்ணீர் நிறைந்தும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை பார், எவ்வளவு நல்ல பை என்று வீரணனிடம் சொன்னான். வீரணனும் அந்தப் பை எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தான். கற்கண்டு அதற்குள் கரைந்து ஹேண்டில்பாரில் சொட்டிக்கொண்டிருந்தது, ஈ மொய்க்க மழை விடவில்லை.

மேலமூங்கிலடியில் ஒச்சப்பன் வீடு தோட்டத்து நடுவில் தனியாக இருந்தது. வீட்டைச் சுற்றிலும் வண்டி போகிற அளவுக்குச் சிமெண்டுக் களம். சமையல்கட்டு ஒழுகியதால் அன்றைக்கு அடுப்பை நடுக்கூடத்தில் வைத்துத்தான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒச்சப்பன் வெள்ளைச் சட்டை போட்டு, சொந்தக்காரர்கள் நாலு பேரோடு வாசல் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். சைக்கிள்கள் கேட்டுக்குள் நுழைந்ததும் கையைக் குவித்து வாங்க வாங்க என்றார்.

மொக்கராசுவும் வணக்கம் மாமா என்றான். அப்படியே வாசலைத் தாண்டிப் போய் வீட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டான்.

கொல்லைப் பக்கம் எதற்குப் போகிறார் என்று ஒச்சப்பன் யோசிப்பதற்குள் மறுபக்கத்திலிருந்து வந்து மறுபடியும் வணக்கம் வைத்துக்கொண்டே போனான். மாப்பிள்ளை உட்காராமல் கூட வந்தவர்கள் உட்கார்ந்தால் மரியாதையா? ஆகவே தவசி அண்ணனும் சுற்றினார், அவருக்குப் பின்னால் வீரணனும் சிலம்பனும் சுற்றினார்கள். தவசி அண்ணன் ஒரு சுற்றில் சட்டைக்குள் கையை விட்டு ரெயின்கோட்டை எடுத்துக் காட்டி, ஒரு சொட்டுப் படவில்லை பாருங்கள் என்று பெருமையோடு சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சுற்றில், மாப்பிள்ளை நனைந்திருக்கிறார், காய்ந்ததும் நிற்பார் என்று விஷயத்தையும் விளக்கினார்.

மழை நிற்கிற மாதிரி தெரியவில்லை. ஒச்சப்பனுக்கு நல்ல நேரம் தவறிவிடக் கூடாது என்ற கவலை. நடக்கிறது நடக்கட்டும் என்று, நின்ற இடத்திலிருந்தே மாப்பிள்ளையை விசாரிக்க ஆரம்பித்தார். மொக்கராசு எதையும் யோசித்துத்தான் பதில் சொல்லுவான். கேள்வியை வாங்கிக்கொண்டு போவான். வீட்டைச் சுற்றி யோசித்துக்கொண்டு வந்து பதில் சொல்லுவான். அதற்குள் மாமனார் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்.

"பால் கறக்க எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?" என்றார் ஒச்சப்பன். மொக்கராசு தலையாட்டிவிட்டுப் போனான்.

திரும்பி வந்தபோது, "குடிப்பழக்கம் உண்டுங்களா?" என்றார்.

"விடியக்காலம் நாலு மணிக்கே மாமா. சாயங்காலம் இன்னொரு தடவை."

ஒச்சப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார். அடுத்த சுற்றில், "கோயில் குளத்துக்குப் போவீங்களா?" என்றார்.

"அந்தக் கருமத்தைத் தொட்டதே இல்ல மாமா, அம்மா மேல சத்தியம்."

சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் செருப்பைத் தேடினார். ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த பவுன்தாய்க்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவர் போன கேள்விக்குப் பதில் சொல்லுறாருப்பா, ஒன்று தள்ளி வைத்துப் பாருங்கள் என்றாள். ஒச்சப்பன் விரல் விட்டு ஒன்று தள்ளி வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பையன் தங்கம் என்று உட்கார்ந்துவிட்டார்.

இனி காபி. பெண் தன் கையால் மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும், அது முறை. அவர் நிற்க மாட்டார் என்றால் நான் போகிறேன் என்று பவுன்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் சைக்கிளை எடுத்தாள். ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் காபி டம்ளர். இரண்டாவது சுற்றில் அவனை எட்டிப் பிடித்தாள்.

"சங்கிலி இப்ப நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளாக அவள் அதை ஞாபகம் வைத்திருக்கிறாள். காபியை வாங்க வேண்டும், கை மடங்கவில்லை. அவளே வாயருகில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட காபி. ஆவி நேராக மூக்கில் ஏறியது.

காலையிலிருந்து அடக்கி வைத்தது. உதட்டை இழுத்தான், பல்லைக் கடித்தான், சாமியைக் கும்பிட்டான். வாசலுக்கு நேரே, ஒச்சப்பன் முகத்துக்கு நேரே, அத்தனை சட்டையும் அதிர ஒரு தும்மல் தும்மினான். கொல்லையில் கோழி கத்தியது.

ஒச்சப்பன் எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். எல்லாம் போச்சு என்று மொக்கராசு தலையைக் குனிந்துகொண்டான். அப்போதும் நிற்கவில்லை.

"அச்!"

பின்னாலிருந்து ஒரு தும்மல். சின்னது, ஆனால் சுத்தமாக எல்லோர் காதிலும் விழுந்தது. பவுன்தாய் தும்மியிருந்தாள்.

"ரெட்டை!" என்று ஒச்சப்பன் துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் விழுந்தால் அதைவிட நல்ல சகுனம் கிடையாது. அதுவும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒன்று தும்மினால் கேட்கவே வேண்டாம். முடிச்சாச்சு, பூவை எடுங்கள் என்று உத்தரவு போட்டார். அவள் முந்தானை நுனியைத் திரித்து மூக்கில் விட்டதைப் பார்த்ததாகப் பின்னால் வந்த சிலம்பன் சொல்லுவான். எனக்கென்ன தெரியும், நான் அந்தப் பக்கம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. மொக்கராசு சுற்றச் சுற்றக் காய்ந்தான். மேல் சட்டை காய்ந்ததும் ஒன்றைக் கழற்றித் தவசி அண்ணனிடம் வீசுவான், அடுத்தது காயும், அதையும் வீசுவான். கடைசிச் சட்டையும் காய்ந்தது. ஆனால் கால் பைகள் முழங்கால் வரை தளும்பிக்கொண்டிருந்தன. அவிழ்க்க மாட்டேன் என்று சிலம்பன் சத்தியம் செய்திருந்தான். பவுன்தாய் பக்கத்தில் வந்து, ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஓடுகிற காலைக் குறிபார்த்து பைக்கு ஒரு குத்தாகக் குத்தினாள். இரண்டு பக்கமும் தண்ணீர் பீச்சிக்கொண்டு அடித்தது. தண்ணீர் வடிந்து, கால் காய்ந்து, ஒரு வழியாக மொக்கராசு சைக்கிளை விட்டு இறங்கினான். தரை அசையாமல் இருந்தது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பஜ்ஜி வந்தது. அவனும் பவுன்தாயும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு தட்டு இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். கண்ணியை எடுத்து அவளிடம் காட்டினான். அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். அத்தோடு கதையை நிறுத்தியிருக்கலாம். தவசி அண்ணன் விடவில்லை. கூடத்துக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார்.

"அடுப்பு எங்க இருக்கு? நடுவீட்டுல. எரிஞ்சுதா? இன்னும் எரியுது. பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து அதைச் சுத்துனாங்களா இல்லையா? பெரியவங்க பாத்துக்கிட்டு இருந்தாங்களா இல்லையா? அப்போ கல்யாணம் எப்பவோ முடிஞ்சு போச்சு."

ஒச்சப்பன் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அக்கினியைச் சுற்றினால் கல்யாணம்தானே, அக்கினிக்கும் அவர்களுக்கும் நடுவில் சுவர் இருக்கக் கூடாது என்று எவன் சொன்னான் என்றார். சொந்தக்காரர்கள் கையில் இருந்த பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு கையெடுத்து வாழ்த்தினார்கள். மொக்கராசுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வீரணன் மட்டும் பஜ்ஜியைக் கடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நானும் சிலம்பனும் கூடத்தானே சுத்துனோம். ஒரே வண்டியில."

எல்லோரும் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். சிலம்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவள் ஸ்வெட்டரை வேறு வாங்கி வந்திருக்கிறேனே, இதைப் போய் எப்படிச் சொல்லுவேன் என்று புலம்பினான். வீரணனுக்கோ வேறு துக்கம். அடுத்த மாசம்தான் அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். தவசி அண்ணன் தனியாகச் சுற்றியவர். தீர்க்கமாக ஆராய்ந்து, தான் தன் சைக்கிளைத்தான் கட்டியிருப்பதாகவும், பழகின வண்டி என்பதால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார். மற்ற இரண்டு பேருக்கும் ஒரே வழிதான் இருந்தது. சுற்றியதை அவிழ்க்க வேண்டும் என்றால் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்று யாரும் எண்ணவில்லை, ஆகவே போதும் என்று தோன்றுகிற வரைக்கும் சுற்றட்டும்.

வீரணனும் சிலம்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி, இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

அப்போது பார்த்து ஒரு தூறல். மொக்கராசுவின் தோளில் சரியாக ஒரு சொட்டு விழுந்தது. அவன் அதைப் பார்த்தான், கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான், எழுந்து சைக்கிளை எடுத்தான். பவுன்தாய் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். போறதுன்னா போங்க, வலப்பக்கமாவே போங்க, அவங்க பின்னாடி போயிராதீங்க என்று திருப்பிவிட்டு, பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு தானும் கூடவே கிளம்பினாள்.

அப்புறம் மழை பெரிசாகப் பிடித்துக்கொண்டது. ஒரு கல்யாணம் வலப்பக்கமாக இறுகிக்கொண்டே போக, இன்னொரு கல்யாணம் இடப்பக்கமாக அவிழ்ந்துகொண்டே போனது. மாட்டுக் கொட்டகை மூலையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கோஷ்டியும் எதிரெதிரே சந்தித்தன. மணி அடித்து, ஒதுங்கி, ஒரு பஜ்ஜி கைமாறியது. இரண்டில் எது பாதியில் நின்றாலும் வம்பு என்று ஒச்சப்பன் கூடத்துக்குள்ளே குரல் கொடுத்தார். அடுப்பை மட்டும் அணைத்துவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் வாழைக்காய் சீவுங்கள் என்றார்.